வளைவரையின் கீழுள்ள பரப்பைக் காண்பது எப்படி? கீற்றிலிருந்து தொடங்கும் வழி

நேர்கோடுகளால் அடைபட்ட ஓர் உருவத்தின் பரப்பைக் காண்பது கடினமன்று. அதைச் செவ்வகங்களாகவும் முக்கோணங்களாகவும் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் கண்டு கூட்டிவிடலாம். ஆனால் ஒரு பக்கம் வளைந்துவிட்டால், எத்தனை முக்கோணங்களாகப் பிரித்தாலும் வளைவின் ஓரத்தில் சிறு துண்டுகள் மிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த மிச்சத்தைத் துல்லியமாகக் கணக்கில் கொண்டுவருவதற்காக வளர்ந்ததே வரையறுத்த தொகையீடு.

மேல்நிலை வகுப்பு மாணவர்கள் இப்பாடத்தைப் பெரும்பாலும் ஒரு சூத்திரமாகவே மனத்தில் வைத்திருக்கிறார்கள். ஒய் என்பதை எக்ஸின் சார்பாக எழுது, தொகையிடு, மேல் எல்லையைப் போடு, கீழ் எல்லையைக் கழி, விடை வந்துவிடும் என்பது அந்தச் சூத்திரம். அது தவறானதன்று. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை அறியாமல் பயன்படுத்துவோர், வளைவரை அச்சுக்குக் கீழே இறங்கும் இடத்திலும், இரண்டு வளைவரைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்திலும், பரவளையம் பக்கவாட்டில் திறந்திருக்கும் இடத்திலும் தடுமாறிவிடுகிறார்கள். ஆகவே இங்கே ஒரே ஒரு பழக்கத்தை வலியுறுத்த விரும்புகிறேன். எந்தக் கணக்காக இருந்தாலும் முதலில் படம் வரைய வேண்டும். அந்தப் படத்துக்குள் ஒரு மெல்லிய கீற்றை வரைய வேண்டும். அந்தக் கீற்றின் நீளம் என்ன, அகலம் என்ன என்று எழுதிய பிறகே தொகையீட்டுக் குறியை எழுத வேண்டும்.

கீற்றுகளைக் கூட்டுவது

ஒய் = எக்ஸ்² என்ற பரவளையத்தை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் = 0 முதல் எக்ஸ் = 3 வரை, இந்த வளைவரைக்கும் எக்ஸ் அச்சுக்கும் இடையே உள்ள பரப்பு நமக்கு வேண்டும். 0 முதல் 3 வரையுள்ள அடிப்பக்கத்தை ஓரலகு அகலமுள்ள மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் மேலும் ஒரு செவ்வகத்தை நிறுத்துங்கள். செவ்வகத்தின் உயரத்தை அப்பகுதியின் வலது முனையில் எடுத்தால் உயரங்கள் 1, 4, 9 ஆகும். மொத்தப் பரப்பு 14. இடது முனையில் எடுத்தால் உயரங்கள் 0, 1, 4 ஆகும், மொத்தம் 5. வளைவரை ஏறிக்கொண்டே போவதால் வலது முனைச் செவ்வகங்கள் வளைவரைக்கு மேலே துருத்திக்கொண்டும், இடது முனைச் செவ்வகங்கள் வளைவரைக்குக் கீழே அடங்கியும் நிற்கின்றன. எனவே உண்மையான பரப்பு 5-க்கும் 14-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

இடைவெளி மிகப் பெரியதாகத் தோன்றுகிறது. கீற்றுகளை மெல்லியதாக்குவோம். அரை அலகு அகலமுள்ள 6 கீற்றுகளை எடுத்தால் கீழ் மதிப்பு 6.875, மேல் மதிப்பு 11.375. 0.1 அலகு அகலமுள்ள 30 கீற்றுகளை எடுத்தால் 8.555, 9.455. 300 கீற்றுகளை எடுத்தால் 8.95505, 9.04505. இரு பக்கங்களிலிருந்தும் நெருக்கப்பட்டு, இரண்டு மதிப்புகளும் 9 என்ற எண்ணை நோக்கி வருவதைக் காணலாம். இந்தக் கணக்கை ஒருமுறையாவது கையாலோ கணிப்பானாலோ செய்து பார்ப்பது மிகவும் பயனுள்ளது. சூத்திரத்தில் 9 என்ற விடை வரும்போது அது எதன் எல்லை மதிப்பு என்பது அப்போதுதான் மனத்தில் நிற்கும்.

300 கீற்றுகளோடு நிறுத்தாமல், எந்த எண்ணிக்கைக்கும் பொருந்துமாறு எழுதவும் முடியும். கீற்றுகளின் எண்ணிக்கை ம என்றால் ஒவ்வொன்றின் அகலமும் 3/ம ஆகும். வலது முனை உயரங்கள் (3/ம)², (6/ம)², (9/ம)² என்று தொடரும். இவற்றை அகலத்தால் பெருக்கிக் கூட்டும்போது 27/ம³ பொதுக் காரணியாக வெளியே வந்துவிட, உள்ளே 1² + 2² + 3² + … + ம² மிஞ்சும். இதன் மதிப்பு ம(ம + 1)(2ம + 1)/6 என்பது பள்ளியில் படித்ததுதான். 499-ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் இந்த விதியைச் சொல்லியிருக்கிறார். இதைப் பிரதியிட்டுச் சுருக்கினால் கிடைப்பது:

மொத்தப் பரப்பு = (9/2) × (1 + 1/ம) × (2 + 1/ம)

ம எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்கு 1/ம பூச்சியத்தை நெருங்குகிறது; மொத்தம் (9/2) × 1 × 2 = 9 என்ற எல்லையை அடைகிறது. தோராயமாக 9 என்பது இதன் பொருளன்று. பரப்பு சரியாக 9 சதுர அலகுகள்.

இந்த வழி ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கே குறிப்பிடுவது பொருத்தம். 16-ஆம் நூற்றாண்டில் கேரளத்தைச் சேர்ந்த ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா, அடுத்தடுத்த எண்களின் வர்க்கங்களையும் கனங்களையும் அவற்றுக்கு மேற்பட்ட அடுக்குகளையும் கூட்டினால், எண்ணிக்கை மிகப் பெரிதாகும்போது அந்தக் கூடுதல் எதை நெருங்கும் என்பதை விளக்கத்தோடு நிறுவுகிறது. வர்க்கங்களின் கூடுதல் ம³/3-ஐயும், கனங்களின் கூடுதல் ம⁴/4-ஐயும் நெருங்கும். எக்ஸ்²-இன் தொகையீடு எக்ஸ்³/3 என்று இன்று நாம் மனப்பாடமாகச் சொல்வதன் உள்ளடக்கம் இதுவே.

கூட்டாமலே விடை காண்பது

ஒவ்வொரு வளைவரைக்கும் இப்படிக் கூட்டிக்கொண்டிருந்தால் வேலை முடியாது. சைன் வளைவரைக்கோ வர்க்கமூல வளைவரைக்கோ அந்தக் கூட்டல் எளிதில் சுருங்காது. 17-ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்ஸும் தனித்தனியே தெளிவாக்கிய தொடர்பு இந்தச் சிரமத்தை நீக்கியது. அதை நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்கிறோம். அதன் காரணத்தைப் படத்திலேயே காணலாம்.

ஒரு தொடர்ச்சியான வளைவரையின் கீழ், ஏதோ ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து எக்ஸ் வரை சேர்ந்துள்ள பரப்பை ப என்று குறிப்போம். வலது எல்லையை மிகச் சிறிதளவு, அதாவது டிஎக்ஸ் அளவு, நகர்த்தினால் பரப்பு எவ்வளவு கூடுகிறது? புதிதாகச் சேர்வது ஒரே ஒரு கீற்று. அதன் உயரம் அந்த இடத்தில் வளைவரையின் உயரமான ஒய், அகலம் டிஎக்ஸ். ஆகவே கூடும் பரப்பு ஒய் × டிஎக்ஸ். இதை டிஎக்ஸால் வகுத்தால், பரப்பு கூடும் வீதம் ஒய் என்று வருகிறது. வேறுவிதமாகச் சொன்னால், பரப்புச் சார்பை வகையிட்டால் வளைவரையே கிடைக்கிறது. எனவே பரப்பைக் காண விரும்புபவர், எந்தச் சார்பை வகையிட்டால் தரப்பட்ட ஒய் கிடைக்கும் என்று தேடினால் போதும். அந்தச் சார்பைத் தொகைச் சார்பு என்று அழைப்போம். மேல் எல்லையில் அதன் மதிப்பிலிருந்து கீழ் எல்லையில் அதன் மதிப்பைக் கழித்தால், இரு எல்லைகளுக்கும் இடையே சேர்ந்த அளவு கிடைத்துவிடும்.

நம் எடுத்துக்காட்டில் எக்ஸ்²-இன் தொகைச் சார்பு எக்ஸ்³/3. மேல் எல்லை 3-இல் அதன் மதிப்பு 27/3 = 9; கீழ் எல்லை 0-இல் 0. விடை 9 − 0 = 9. நூற்றுக்கணக்கான கீற்றுகளைக் கூட்டி நெருங்கிய எண் ஒரே வரியில் வந்துவிட்டது. தொகைச் சார்போடு ஒரு மாறிலியைச் சேர்த்தாலும் கழிக்கும்போது அது நீங்கிவிடுவதால், வரையறுத்த தொகையீட்டில் மாறிலியை எழுத வேண்டியதில்லை.

∫ என்ற குறி 1675-இல் லைப்னிட்ஸ் கையாளத் தொடங்கியது. கூட்டுத்தொகை என்பதற்கான லத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி எழுதிய வடிவம் அது. ஆகவே ∫ ஒய் டிஎக்ஸ் என்பதைக் காணும்போதெல்லாம், "ஒய் உயரமும் டிஎக்ஸ் அகலமும் உள்ள கீற்றுகளைக் கூட்டு" என்று படித்துக்கொள்ளுங்கள். பலர் டிஎக்ஸை ஏதோ சடங்குக்காக இறுதியில் எழுதும் எழுத்தாகக் கருதி விட்டுவிடுகிறார்கள். அது கீற்றின் அகலம். அதை விட்டுவிட்டால் நாம் கூட்டுவது உயரங்களைத்தான், பரப்புகளை அல்ல.

செய்முறை

முதலில் வளைவரையைத் தோராயமாக வரையுங்கள். அழகான படம் தேவையில்லை; அது அச்சுகளை எங்கே வெட்டுகிறது, எந்தப் பக்கம் ஏறுகிறது, எங்கே திரும்புகிறது என்பவை தெரிந்தால் போதும். பிறகு கேட்கப்பட்ட பரப்பை நிழலிட்டு, அதன் நான்கு பக்க எல்லைகளும் எவை என்று பாருங்கள். அடுத்து, நிழலிட்ட பகுதிக்குள் ஒரு கீற்றை வரைந்து, அதன் மேல்முனை எந்தக் கோட்டைத் தொடுகிறது, கீழ்முனை எதைத் தொடுகிறது என்று எழுதுங்கள். மேல்முனையின் ஒய் மதிப்பிலிருந்து கீழ்முனையின் ஒய் மதிப்பைக் கழித்தால் கீற்றின் நீளம் வந்துவிடும். அந்தக் கீற்றை இடமிருந்து வலமாக நகர்த்தினால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அவையே கீழ் எல்லையும் மேல் எல்லையும். இவ்வளவும் முடிந்த பிறகு எஞ்சியிருப்பது தொகையிடுதல் மட்டுமே. விடை வந்தபின் படத்தோடு ஒப்பிட்டு, அந்த எண் நம்பத்தக்கதா என்று பார்ப்பதையும் செய்முறையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

வளைவரை அச்சுக்குக் கீழே இறங்கும்போது

மதிப்பெண்கள் மிகுதியாகப் பறிபோவது இங்கேதான். எனவே சற்று நின்று பார்ப்போம்.

ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + 3 என்ற வளைவரைக்கும் எக்ஸ் அச்சுக்கும் இடையே, 0 முதல் 3 வரை உள்ள பரப்பைக் காண வேண்டும் என்று கொள்வோம். தொகைச் சார்பு எக்ஸ்³/3 − 2எக்ஸ்² + 3எக்ஸ். எக்ஸ் = 3 எனில் 9 − 18 + 9 = 0. எக்ஸ் = 0 எனில் 0. தொகையீட்டின் மதிப்பு பூச்சியம். படம் வரையாமல் வந்தவர் இங்கே பரப்பு பூச்சியம் என்று எழுதிவிடுவார். அல்லது எங்கோ தவறு செய்துவிட்டோம் என்று எண்ணி முழுவதையும் அடித்துவிட்டு மீண்டும் தொடங்குவார். கணக்கில் தவறு எதுவும் இல்லை. கேட்ட கேள்வி ஒன்று, விடையளித்த கேள்வி வேறொன்று, அவ்வளவுதான்.

இந்தச் சார்பை (எக்ஸ் − 1)(எக்ஸ் − 3) என்று காரணிப்படுத்தினால், வளைவரை அச்சை 1-இலும் 3-இலும் வெட்டுவது தெரிகிறது. 0 முதல் 1 வரை அது அச்சுக்கு மேலேயும், 1 முதல் 3 வரை கீழேயும் இருக்கிறது. கீழே இருக்கும் பகுதியில் ஒய் குறை எண்; அகலம் மிகை எண்; எனவே ஒய் × டிஎக்ஸ் குறை எண்ணாகிறது. தொகையீடு மேலுள்ள கீற்றுகளைக் கூட்டிக் கீழுள்ள கீற்றுகளைக் கழித்துவிட்டது. இரண்டையும் பிரித்துக் கண்டால், 0 முதல் 1 வரை தொகையீடு 4/3. 1 முதல் 3 வரை தொகையீடு −4/3. பரப்புக்குக் குறை மதிப்பு கிடையாது என்பதால் இரண்டாவதன் மட்டு மதிப்பை, அதாவது குறை அடையாளத்தை நீக்கிய மதிப்பை, எடுத்துக் கூட்ட வேண்டும்: 4/3 + 4/3 = 8/3 சதுர அலகுகள்.

கீற்று முறையில் இதற்குத் தனி விதியே தேவையில்லை. 1 முதல் 3 வரையுள்ள பகுதியில் ஒரு கீற்றை வரையுங்கள். அதன் மேல்முனை எக்ஸ் அச்சில் இருக்கிறது; அங்கே ஒய் = 0. கீழ்முனை வளைவரையில் இருக்கிறது. மேல் கழித்தல் கீழ் என்றால் நீளம் 0 − (எக்ஸ்² − 4எக்ஸ் + 3). குறை அடையாளம் தானாகவே வந்துவிட்டது. கீற்று அச்சைக் கடக்கும் இடத்தில் அதன் மேல்முனையும் கீழ்முனையும் இடம் மாறுகின்றன என்பதால்தான் அங்கே தொகையீட்டைப் பிரிக்கிறோம்.

தொகையீட்டில் வரும் இந்தக் குறை அடையாளத்தைத் தொல்லை என்று கருதவும் கூடாது. நேர்கோட்டில் செல்லும் ஒரு பொருளின் திசைவேகம் வினாடிக்கு 12 − 3டி மீட்டர் என்று கொள்வோம். டி என்பது வினாடிகளில் நேரம். 0 முதல் 6 வினாடி வரை தொகையிட்டால் 72 − 54 = 18 மீட்டர். இது இடப்பெயர்ச்சி, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து பொருள் இப்போது இருக்கும் தூரம். 4-ஆவது வினாடியில் திசைவேகம் பூச்சியமாகி, அதன் பிறகு பொருள் திரும்பி வருகிறது. முதல் 4 வினாடிகளில் 24 மீட்டர் முன்னே சென்று, அடுத்த 2 வினாடிகளில் 6 மீட்டர் பின்னே வந்திருக்கிறது. கடந்த மொத்தத் தொலைவு 30 மீட்டர். குறியோடு கூட்டினால் ஒரு விடை, குறியை நீக்கிக் கூட்டினால் இன்னொரு விடை. இரண்டுக்கும் இயற்பியலில் தனித்தனிப் பொருள் உண்டு. எது கேட்கப்பட்டிருக்கிறது என்பதை வினாவைப் படித்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு வளைவரைகளுக்கு இடையே

ஒய் = 6 − எக்ஸ்² என்ற பரவளையத்துக்கும் ஒய் = எக்ஸ் என்ற நேர்கோட்டுக்கும் இடையே அடைபட்ட பரப்பைக் காண்போம். இரண்டும் வெட்டும் இடங்களில் 6 − எக்ஸ்² = எக்ஸ்; அதாவது எக்ஸ்² + எக்ஸ் − 6 = 0. தீர்வுகள் −3, 2. இடையில் 0 போன்ற ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் பரவளையம் 6-இலும் கோடு 0-இலும் இருக்கின்றன. எனவே பரவளையமே மேலே. கீற்றின் நீளம் (6 − எக்ஸ்²) − எக்ஸ். தொகைச் சார்பு 6எக்ஸ் − எக்ஸ்³/3 − எக்ஸ்²/2. எக்ஸ் = 2 எனில் 22/3; எக்ஸ் = −3 எனில் −27/2. கழித்தால் 22/3 + 27/2 = 125/6 சதுர அலகுகள்.

இந்தப் பகுதியின் ஒரு பங்கு எக்ஸ் அச்சுக்குக் கீழே இருப்பதைப் படத்தில் காணலாம். முந்தைய பகுதியைப் படித்தவர் இங்கேயும் அச்சில் பிரிக்க வேண்டுமோ என்று ஐயுறலாம். தேவையில்லை. கீற்றின் நீளம் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டுமே. அச்சு எங்கே இருக்கிறது என்பது அதைப் பாதிக்காது. −3 முதல் 2 வரை எந்த இடத்திலும் மேல்முனை பரவளையத்திலும் கீழ்முனை கோட்டிலும் இருப்பதால் ஒரே தொகையீடு போதும்.

இந்த விடையைச் சரிபார்க்க, நுண்கணிதத்துக்கு ஏறத்தாழ 1900 ஆண்டுகள் முற்பட்ட ஓர் அருமையான வழி இருக்கிறது. பரவளையத்தை ஒரு நாண் வெட்டினால் அடைபடும் பரப்பு, அந்த நாணின் மேல் வரையப்படும் ஒரு குறிப்பிட்ட முக்கோணத்தின் பரப்பைப் போல 4/3 மடங்கு என்று ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் நிறுவினார். நம் பரவளையத்தில் அந்த முக்கோணத்தின் மூன்றாவது முனை, நாணின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே வளைவரையில் இருக்கும். −3-க்கும் 2-க்கும் நடுவில் எக்ஸ் = −1/2. அங்கே பரவளையத்தின் உயரம் 5.75, நாண் −0.5-இல்; இடைவெளி 6.25. முக்கோணத்தின் பரப்பு ½ × 6.25 × 5 = 15.625. இதை 4/3-ஆல் பெருக்கினால் 20.8333… வருகிறது, 125/6-உம் அதுவே. இரு வேறு காலங்களின் இரு வேறு வழிகள் ஒரே எண்ணில் வந்து சேர்வதைப் பார்க்கும்போது ஏற்படும் மகிழ்ச்சியை மாணவர்கள் இழந்துவிடக் கூடாது.

கீற்றைப் படுக்கவைப்பது

ஒய்² = 4எக்ஸ் என்ற பரவளையம் வலப்பக்கமாகத் திறந்திருக்கிறது. அதற்கும் ஒய் = 2எக்ஸ் − 4 என்ற கோட்டுக்கும் இடையே உள்ள பரப்பு வேண்டும். இரண்டும் (1, −2), (4, 4) ஆகிய புள்ளிகளில் வெட்டுகின்றன. செங்குத்தான கீற்றை எடுத்தால், 0 முதல் 1 வரை அதன் இரு முனைகளுமே பரவளையத்தில் இருக்கின்றன. 1 முதல் 4 வரை மேல்முனை பரவளையத்திலும் கீழ்முனை கோட்டிலும் இருக்கின்றன. இரண்டு தொகையீடுகள் தேவைப்படும்; அவற்றின் மதிப்புகள் 8/3, 19/3; கூடுதல் 9.

கீற்றைக் கிடைமட்டமாக வைத்தால் கதையே மாறிவிடுகிறது. எந்த உயரத்தில் வைத்தாலும் அதன் வலது முனை கோட்டில், இடது முனை பரவளையத்தில். கோட்டில் எக்ஸ் = (ஒய் + 4)/2; பரவளையத்தில் எக்ஸ் = ஒய்²/4. நீளம் வலது கழித்தல் இடது; அகலம் டிஒய்; எல்லைகள் ஒய் = −2 முதல் 4 வரை. தொகைச் சார்பு ஒய்²/4 + 2ஒய் − ஒய்³/12. 4-இல் 20/3, −2-இல் −7/3; வேறுபாடு 27/3 = 9. வர்க்கமூலமே இல்லாமல் ஒரே தொகையீட்டில் வேலை முடிந்துவிட்டது. கீற்றின் முனை பாதியில் வேறு கோட்டுக்குத் தாவுகிறதா என்று பார்த்து, தாவினால் மற்றத் திசையை முயன்று பாருங்கள்.

சமச்சீரைப் பயன்படுத்துவது

நெட்டச்சின் பாதி 5, குற்றச்சின் பாதி 3 கொண்ட நீள்வட்டத்தை எடுத்தால் அதன் சமன்பாடு எக்ஸ்²/25 + ஒய்²/9 = 1. இரு அச்சுகளைப் பொறுத்தும் சமச்சீர் இருப்பதால் முதல் கால்பகுதியின் பரப்பைக் கண்டு 4-ஆல் பெருக்கினால் போதும். அங்கே ஒய் = (3/5)√(25 − எக்ஸ்²). √(25 − எக்ஸ்²) என்பதை 0 முதல் 5 வரை தொகையிட வேண்டுமெனில் முக்கோணவியல் பிரதியிடல் செய்யலாம். ஆனால் அது 5 அலகு ஆரமுள்ள வட்டத்தின் கால்பகுதி என்பதைக் கண்டுகொண்டால், மதிப்பு 25பை/4 என்று உடனே எழுதிவிடலாம். 4 × (3/5) × 25பை/4 = 15பை. முழு நீள்வட்டத்தையும் −5 முதல் 5 வரை ஒரே தொகையீடாக எழுதுபவருக்கு மேற்பாதி மட்டுமே கிடைக்கும். அவர் 2-ஆல் பெருக்க மறந்தால் விடை பாதியாகிவிடும்.

பிரதியிடும்போது எல்லைகளையும் மாற்றுங்கள்

ஒய் = எக்ஸ்√(எக்ஸ்² + 9) என்பதன் கீழ் 0 முதல் 4 வரையுள்ள பரப்புக்கு, யு = எக்ஸ்² + 9 என்று பிரதியிடுவது இயல்பு. அப்போது எக்ஸ் டிஎக்ஸ் = ½ டியு. எக்ஸ் 0 ஆனால் யு 9. எக்ஸ் 4 ஆனால் யு 25. தொகைச் சார்பு ⅓ யு√யு. விடை ⅓(125 − 27) = 98/3, ஏறக்குறைய 32.67. எல்லைகளை 0, 4 என்றே விட்டுவிட்டால் 8/3 என்று வரும். இது தவறு என்பதைப் படமே காட்டிக்கொடுக்கும்: எக்ஸ் = 4-இல் வளைவரையின் உயரம் 20; வளைவரை ஆதிப்புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குச் செல்லும் நாணுக்குக் கீழே தொய்ந்து செல்வதால் பரப்பு ½ × 4 × 20 = 40-ஐவிடக் குறைவு. ஆதிப்புள்ளியில் தொடுகோட்டின் சாய்வு 3. வளைவரை தொடுகோட்டுக்கு மேலே இருப்பதால் பரப்பு 24-ஐவிட அதிகம். 24-க்கும் 40-க்கும் இடையே இருக்க வேண்டிய விடை 8/3 ஆக முடியாது.

சூத்திரம் ஏமாற்றும் இடம்

ஒய் = 1/எக்ஸ்² என்பதை −1 முதல் 1 வரை தொகையிட்டுப் பாருங்கள். தொகைச் சார்பு −1/எக்ஸ். 1-இல் −1, −1-இல் 1, வேறுபாடு −2. ஆனால் இந்தச் சார்பு எங்கேயும் குறை எண்ணாவதில்லை. மிகை உயரமுள்ள கீற்றுகளைக் கூட்டிக் குறை எண் கிடைக்க வழியே இல்லை. எக்ஸ் = 0-இல் வளைவரை முடிவிலியை நோக்கி எழுவதால் அங்கே தொடர்ச்சி அறுந்துவிட்டது; அடிப்படைத் தேற்றம் கேட்கும் நிபந்தனை நிறைவேறவில்லை. உண்மையில் இங்கே பரப்பு முடிவுறுவதே இல்லை. பின்னத்தின் கீழ்ப்பகுதியில் எக்ஸ் வரும் சார்பு எதுவாயினும், இரு எல்லைகளுக்கும் இடையே அந்தக் கீழ்ப்பகுதி பூச்சியமாகிறதா என்று பார்த்த பிறகே தொகையிட வேண்டும்.

சமன்பாடே இல்லாதபோது

நடைமுறையில் வளைவரைக்குச் சமன்பாடு கிடைப்பது அரிது. 8 மீட்டர் அகலமுள்ள ஒரு வாய்க்காலின் குறுக்குவெட்டுப் பரப்பைக் காண, கரையிலிருந்து 2 மீட்டருக்கு ஒருமுறை ஆழத்தை அளந்ததாகக் கொள்வோம்: 0, 1.2, 1.8, 1.5, 0 மீட்டர். தொகைச் சார்பைத் தேட இங்கே எதுவும் இல்லை. ஆனால் கீற்று இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஆழங்களை நேர்கோட்டால் இணைத்தால் ஒவ்வொரு கீற்றும் ஒரு சரிவகமாகிறது. சரிவக விதிப்படி இரு முனை மதிப்புகளில் பாதியையும் இடையிலுள்ள மதிப்புகளை முழுமையாகவும் கூட்டி அகலத்தால் பெருக்க வேண்டும்: 2 × (0 + 1.2 + 1.8 + 1.5 + 0) = 9.0 சதுர மீட்டர். வாய்க்காலின் அடி வளைந்து வெளிப்புறம் புடைத்திருந்தால் நேர்கோடுகள் உட்புறமாகவே செல்லும். ஆகவே இந்த மதிப்பு உண்மையைவிடக் குறைவாக இருக்கும்.

நேர்கோட்டுக்குப் பதிலாக, அடுத்தடுத்த மூன்று புள்ளிகள் வழியே ஒரு பரவளையத்தை வரைந்து அதன் பரப்பை எடுப்பது சிம்ப்சன் விதி. கீற்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். முனை மதிப்புகளை ஒரு மடங்கும், இரண்டாவது, நான்காவது என வரும் மதிப்புகளை 4 மடங்கும், மற்றவற்றை 2 மடங்கும் எடுத்துக் கூட்டி, அகலத்தில் மூன்றில் ஒரு பங்கால் பெருக்க வேண்டும்: (2/3) × [0 + 4(1.2 + 1.5) + 2(1.8) + 0] = (2/3) × 14.4 = 9.6 சதுர மீட்டர். நீரின் சராசரி வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர் எனில், முதல் மதிப்பைக் கொண்டு வினாடிக்கு 4.5 கன மீட்டர் என்றும், இரண்டாவதைக் கொண்டு 4.8 கன மீட்டர் என்றும் நீரோட்டம் வரும். இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இருந்தால், ஆழத்தை 2 மீட்டருக்குப் பதிலாக ஒரு மீட்டருக்கு ஒருமுறை அளந்து கீற்றுகளை இரட்டிப்பாக்கி, இரு விதிகளும் தரும் மதிப்புகள் ஒன்றையொன்று நெருங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும்.